ஈரக் கத்தியை மடிப்பதில்லை

முனவ்வறா குசினி மேசையின் லாச்சியை முழுசாக உருவித் தரையில் கவிழ்த்தாள். தேக்கரண்டிகள், எந்தப் பூட்டுக்கென்று மறந்துபோன திறப்புகள், ஒரு பழைய டின்வெட்டி, றப்பர் வளையங்கள் எல்லாம் விழுந்தன. கத்தி விழவில்லை. வீட்டில் இருந்த ஒரேயொரு கறிக்கத்தி விடிந்ததுமே பலகையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. சாவு நடந்த மையத்து வீட்டில் அடுப்பு எரியாது. இன்றைக்குச் சமையல் எல்லாம் அங்கேதான்.

முன் மண்டபத்திலிருந்து பாத்தும்மா மறுபடி கூப்பிட்டாள். பாத்தும்மா, முனவ்வறாவின் கணவர் மக்கீனுக்கு மூத்த லாத்தா. தம்பியின் கண்களை மூடியது, நாடியைத் துணியால் தூக்கிக் கட்டியது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியது எல்லாம் அவள்தான். அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிற மனுஷி.

"இரும்புச் சாமான் ஒண்டு கொண்டு வாங்க எண்டா இவ்வளவு நேரமா? வயிறு ஊதிப் போயிரும் புள்ள. ஒரு கத்திய எடுத்துக்கு வா, வயித்துல வெக்க."

மவுத்தானவரின் வயிற்றின் மேல் ஓர் இரும்பை வைக்க வேண்டும். எந்த வீட்டிலும் அதற்குக் கத்திதான். முனவ்வறா நின்ற இடத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு வெற்றிலைத் தட்டத்தில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

பாத்தும்மா அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மக்கீன்ட ஊட்டுல கத்தி இல்லையா?"

குத்திக்காட்டிக் கேட்டதில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். அதுதான் முனவ்வறாவைச் சுட்டது.

"அதெல்லாம் எப்பவோ கடல்ல போட்டாச்சே மச்சி. மறந்துட்டீங்களா?"

ஊரெல்லாம் சொல்லிப் பழகிய பொய். நாக்கு தடுக்கவில்லை. ஆனால் மக்கீன் ஒரு கை தூரத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்க அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. பாத்தும்மா பாக்குவெட்டியை வாங்கித் துணியின் மேல் வைத்தாள். அதன் இரண்டு கால்களும் அகன்று விரிந்து நின்றன. வாழ்நாளில் வெற்றிலையே போடாத மனிதர். முனவ்வறாவுக்கு அழுகை வருவதற்கு முன் வெட்கம் வந்தது.

மக்கீன், ஆண்கள் இடுப்பில் கட்டும் மருதமுனைக் கைத்தறிச் சாரன் விற்கிற வியாபாரி. சாரன் கட்டுகளோடு பஸ் ஏறினால் பதுளை, மாத்தளை, புத்தளம் என்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். மற்ற வியாபாரிகள் வீட்டுக்கு ஆப்பிளும் கிழங்கும் கொண்டுவருவார்கள். மக்கீன் வில்லுக்கத்தி கொண்டுவருவார். மடித்துச் சட்டைப் பைக்குள் போடுகிற, கையடக்கமான கத்தி. கடையில் அட்டையில் குத்தி விற்பதை அவர் தொடவும் மாட்டார். ஒரு மனிதன் உலையில் உட்கார்ந்து, இரும்பைக் காய்ச்சித் தட்டி, பிடியைக் கையால் அராவிச் செய்ததாக இருக்க வேண்டும். எருமைக் கொம்புப் பிடி, மான் கொம்புப் பிடி, கித்துள் மரப் பிடி, ஓரத்தில் பித்தளைத் தகடு வைத்தது. கத்தியைக் காதருகே பிடித்து விரிப்பார். உள்ளே அலகைத் தாங்குகிற வில்லு 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்தை வைத்தே யாருடைய கை என்று சொல்லிவிடுவார். அவர் கத்திகளுக்கு ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர்தான். இது குணதாச, இது மாத்தளைக் கிழவர், இது காரைதீவு நாகமணி. கேட்பவர்களுக்கு, அத்தனை கொல்லர்களும் அவர் வீட்டு அலுமாரிக்குள் குடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அவர்களில் நாகமணிதான் கிட்டத்து உறவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் மக்கீனைக் காரைதீவு உலையடியில் தேடலாம். பிடி அராவ, ஆணி அடித்து இறுக்க, சாணையில் பிடிக்க எல்லாம் அங்கே பழகிக்கொண்டார். வில்லு மட்டும் கடைசிவரை சரிவரவில்லை. அவர் காய்ச்சிய வில்லு ஒன்று தொய்யும், இல்லையென்றால் ஒடியும். 'முதலாளி, நீங்க சாரனோட நிண்டுகொள்ளுங்க' என்று நாகமணி சிரிப்பாராம். அதை வீட்டுக்கு வந்து சொல்லி மக்கீனும் சிரிப்பார்.

கத்தி விஷயத்தில் அவருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது: ஈரக் கத்தியை மடிக்கக் கூடாது. பழம் வெட்டினால் துடைத்து, விரித்தபடியே ஜன்னல் கட்டின் மேல் வைத்து, வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வில்லடியில் துரு பிடித்துவிடும். அந்தக் காலத்தில் வீட்டின் எந்த ஜன்னலிலும் ஒரு கத்தி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மகள் றிபா தவழ்கிற வயதில் முனவ்வறா அதற்காகப் பிடித்த சண்டை கொஞ்சமில்லை.

பிறகு, ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரல் வந்தது. முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. வாள், கத்தி இருந்தால் ஒப்படையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எது கத்தி, எது ஆயுதம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரும் எல்லாவற்றையும் எறிந்தார்கள். முனவ்வறாவின் தம்பி றிஸ்மியை, இளநீர் வெட்ட மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் வைத்திருந்த கத்திக்காகக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவன் ஆள் பாதியாகிப் போயிருந்தான். இன்றுவரை வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவான்.

அன்றைக்கு முனவ்வறா கணவரிடம் சொன்னாள்: அதுகள் இந்த வீட்டில் இருக்கட்டும், அல்லது நான் இருக்கிறேன். கடலில் போட மக்கீன் சம்மதிக்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். தெருவில் நாய்கூட இல்லாத ஒரு மழைப் பகலில், கத்திகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் பூசி, ஒவ்வொன்றையும் கைத்தறித் துண்டில் சுற்றி, மூடி போட்ட பெயின்ட் வாளி ஒன்றுக்குள் அடுக்கி, குசினிக்குப் பின்னால் மாதுளை மரத்தடியில் புதைத்தார்கள். கடலில் போட்டாயிற்று என்று ஊருக்குச் சொன்னது முனவ்வறாதான். மகளுக்கும் மருமகனுக்கும்கூட அதையே சொன்னாள்.

வருஷா வருஷம் மாரிக்கு முன்னால், மகளும் மருமகனும் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போன பிறகு, மக்கீன் மாதுளைக்குக் கொத்துகிற சாக்கில் வாளியை வெளியே எடுப்பார். கத்திகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொன்றையும் ஒருதரம் விரித்துச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பவும் புதைப்பார். முனவ்வறா பின் கேற்றடியில் காவல் நிற்பாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவள் நெஞ்சும் ஒருமுறை விழுந்து எழும்பும். சோதனைகள் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை என்று மக்கீன் சொல்லிப் பார்த்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று பழமொழி சொல்லியும் பார்த்தார். மாதுளையடியில் அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு இந்தப் பழமொழியா என்று அவள் கேட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

போன கிழமை, படுக்கையில் கிடந்தபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி மக்கீன் கேட்டார்:

"மண்ணுக்குள்ள போறதுக்கு நான் ஒராள் போதும் முனவ்வறா. அதுகள வெளியில எடுத்து உடு."

"சுகமாகி எழும்புங்க. மறுகா பாப்பம்."

மறுகா பார்ப்போம் என்றால் அவள் அகராதியில் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு சுபஹு தொழுகை முடிந்து ஊர் வெளுக்கும்போது, அந்தச் சுவரைப் பார்த்தபடியே அவர் மூச்சு அடங்கியது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போனதும் வீடு அவள் கையை விட்டுப் போய்விட்டது. கதிரைகள் வந்தன, பந்தல் வந்தது, அவளுக்குத் தெரியாத ஆட்கள் அவளுடைய பீங்கான்களை எடுத்துப் புழங்கினார்கள். பாத்தும்மா அவளைக் கையில் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் வெள்ளைச் சேலை உடுத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். இத்தா. இனி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் அவள் வரக் கூடாது. மருமகனோ கூடப்பிறந்தவனோ வந்தால் பேசலாம். ஜன்னலுக்கு யாரோ திரை போட்டார்கள்.

திரையின் ஓரத்து இடைவெளியில் வெளியே ஒரு காக்கித் தோள் தெரிந்தது.

 யாரென்று முனவ்வறா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். அம்பாறைப் பக்கம் இருந்து வந்த பொலிஸ் சார்ஜனாம், மக்கீனின் பழைய சாரன் வாடிக்கை. வேலைக்குப் போகிற வழியில் செய்தி கேட்டு உடுப்போடேயே வந்துவிட்டாராம், அடக்கம் முடியும்வரை இருப்பாராம். அவளுக்கும் ஆளை ஞாபகம் வந்தது. முன்பு பெருநாளைக்கு வந்தால் ஜன்னலில் காயும் கத்திகளைக் குனிந்து பார்ப்பார், ஆனால் கேட்டுக்கொண்டுதான் தொடுவார். இவ்வளவு பெரிய முற்றத்தில் நிழல் தேடி, இந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவர் கதிரையைப் போட்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்வளவில், மம்பட்டி மண்ணில் இறங்குகிற சத்தம்.

மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர் ஆள் மிதிக்கும் தரையில் ஓடக் கூடாது. அதற்கென்று ஒரு குழி வெட்டி, தண்ணீரை அதற்குள் விட்டு, பிறகு மூடிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. எத்தனை மையத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். தன் வீட்டில் அந்தக் குழி எங்கே வெட்டப்படும் என்று மட்டும் அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

றிபாவைக் கூப்பிட்டுக் குசினி ஜன்னலால் பார்த்துவரச் சொன்னாள். அழுது வீங்கிய முகத்தோடு போய்வந்து றிபா சொன்னாள்:

"மாதுளையடில வெட்டுறாங்க உம்மா. பள்ளிவாசல் மிஹ்லார் காக்காதான். அதுலதான் மண் மெதுவாக் கிடக்காம்."

மண் ஏன் மெதுவாகக் கிடக்காது? வருஷா வருஷம் கொத்திப் புரட்டின மண்.

முனவ்வறா எழும்பினாள். இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மறுபடி எழும்பினாள். சபூர் செய்யுங்க, பொறுத்துக்கோங்க என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். துக்கம் தாங்காமல் எழும்புகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். துக்கத்துக்கு இன்னும் முறையே வரவில்லை. எவ்வளவு ஆழத்தில் புதைத்தோம் என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையா, அதற்கும் மேலா? பின்வளவு நிறைய ஆட்கள், எல்லோர் கையிலும் போன். மையத்து வீட்டு வளவில் முப்பதுக்கு மேல் கத்தி என்று ஒருவன் படம் பிடித்துப் போட்டால், பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் நாடெல்லாம் போய்விடும். எதற்கு வைத்திருந்தார் என்றுதான் கேட்பார்களே தவிர, எருமைக் கொம்பை எப்படி அராவினார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? பதில் சொல்ல வேண்டிய ஆள் நாடி கட்டிக் கிடக்கிறார். அவருடைய பெயர் அடக்கத்துக்கு முன்பே அழுகிப் போய்விடும்.

மம்பட்டி விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"மருமகன வரச் சொல்லு. கெதியா."

ஸஹீத் வந்து அறை வாசலில் நின்றான். சாந்தமான பொடியன், கல்முனையில் கணித ஆசிரியர். பெண்களைக் கொஞ்சம் விலகியிருக்கச் சொல்லிவிட்டு அவன் காதில் இரண்டே வசனத்தில் சொன்னாள்.  அவன் திரும்பிக் குசினிப் பக்கம் ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதற்குள் மம்பட்டிச் சத்தம் மாறியது. மண்ணில் விழுகிற சத்தமில்லை. பிளாஸ்டிக் பிளக்கிற சத்தம்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பின்வளவில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன்வளவில் யாரோ பிளேன்டிக்குச் சீனி கேட்டார்கள். திரைக்கு வெளியே காக்கித் தோள் அசைந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார் போலிருந்தது. முனவ்வறா கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  இப்போது ஒரு விசில் ஊதும், இப்போது ஒருவன் கத்துவான், இப்போது வாசலில் வாகனம் வந்து நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தாள்.

மம்பட்டி மறுபடி விழத் தொடங்கியது. இந்த முறை கொஞ்சம் தள்ளி, கெட்டியான தரையில்.

ஸஹீத் அவளைக் குசினிக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்திக்கொண்டான். அரிசி மூட்டைக்குப் பின்னால் வாளி இருந்தது. மூடி இரண்டாகப் பிளந்து, மேலே ஒரு துவாய் போட்டு மூடியிருந்தது. அது பள்ளிவாசலில் மையத்து வேலைகள் பார்க்கும் மிஹ்லாரின் தோள் துவாய். நடந்ததை ஸஹீத் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். மூடி பிளந்ததும் உள்ளே துணிச் சுருள்களும் ஒரு கொம்புப் பிடியும் தெரிந்தனவாம். குழியைச் சுற்றி நின்ற நாலைந்து பேர் கண்டார்களாம். ஒருவன் போனை வெளியே எடுத்தானாம். மிஹ்லார் துவாயை உதறி வாளியில் போட்டுவிட்டு, 'மையத்தூட்டுல நிண்டு என்னடா பாக்குற, போய் பெஞ்சத் தூக்கிக்கு வா' என்றாராம். போன் திரும்பவும் பைக்குள் போனதாம். ஆனால் கண்டவன் கண்டவன்தான்.

"இத ஏன் மாமி எனக்குச் சொல்லல்ல? நான் அரசாங்க வேல செய்றவன். வெளியில சார்ஜன் இரிக்காரு. இப்பவே மோட்டார் சைக்கிள்ல கொண்டு போய்க் கடல்ல போட்டுட்டு வாறன். நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க."

அவன் கைகள் நடுங்கின. ஒரு கையை மற்றக் கையால் பிடித்து அடக்கப் பார்த்தான். பிடித்த கையும் நடுங்கியது. முனவ்வறா அந்தக் கைகளையே பார்த்தாள். இது அவளுடைய கை. இது அவளுடைய பேச்சு. ஒரு சொல் மாறாமல், இதே குசினியில், இதே இடத்தில் நின்று அவள் பேசியது. இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்பது எப்படியிருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. மக்கீன் எத்தனை தரம் கேட்டிருப்பார். ஒருதரமாவது கோபித்திருக்கலாம். மனுஷன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாரே.

குனிந்து துவாயை விலக்கினாள். எண்ணெய் மணத்தது. அவருடைய சட்டைப் பையின் மணம் அது.  ஒரு சுருளை எடுத்துப் பிரித்தாள். பித்தளைத் தகடு; அதில்லை. இன்னொன்று. கறுத்த எருமைக் கொம்புப் பிடி, அடியில் சின்ன வளைவு. நாகமணியின் கை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடினாள்.

"மாமி..."

"மகன், இண்டைக்கு இந்த ஊட்ட உட்டுப் போறது அவர் ஒராள்தான். வேற ஒண்டும் போகாது."

மண்டபத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். யாசீன் ஓதுகிற சத்தம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முனவ்வறா நேரே போய் மக்கீனின் வயிற்றிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். கத்தியைப் பாத்தும்மாவிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடப்பது நினைவுக்கு வந்தது.  கையை மடக்கவில்லை.

பாத்தும்மா கத்தியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"கடல்ல போட்டண்டு சொன்னியே புள்ள."

"போடல்ல மச்சி."

ஓதல் நின்றுவிட்டது. அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.  பாத்தும்மா கத்தியை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தாள். பிறகு தம்பியின் வயிற்றில், துணியின் மேல், நேராக வைத்தாள். சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்து, விரல் நுனியால் கொஞ்சம் நகர்த்தினாள். அதுவரை ஒதுக்கி வைத்திருந்த கண்ணீர் அவளுக்கு அப்போதுதான் வழிந்தது.

அந்த மவுனத்துக்குள்தான் கஜனி வந்து சேர்ந்தாள். நாகமணியின் மகள், காரைதீவிலிருந்து செய்தி கேட்டு ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். அப்பா போன பிறகும் மக்கீன் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மையத்தின் காலடியில் வந்து நின்றவள், முகத்தைப் பார்க்குமுன் கத்தியைப் பார்த்துவிட்டாள். குனிந்து, தொடாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்கட அப்பாட கையெல்லோ."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஆனால் அறை கேட்டது. ஜன்னலும் கேட்டிருக்கும். ஆணித்தலையைத் தட்டையாக அடிக்காமல் ஒரு கடுகளவு குவித்து விடுவது அப்பாவின் பழக்கம் என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விரலால் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் எட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த ஷாஹினா, மூன்று வீடு தள்ளி இருப்பவள், பெருமூச்சு விட்டாள்.

"நான் எங்கட ஊட்டு மீன் வெட்டுற கத்தியயும் கடல்ல போட்ட. மறுகா ரெண்டு கிழம அடுத்தூட்டுக் கத்தியில மீன் வெட்டின. அவள் போடவே இல்லையாம்."

ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையத்து வீடு என்று நினைத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி தங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவலைப் பலகையும் கடலுக்குப் போன கதையை ஆரம்பித்தாள். பாத்தும்மா ஒரு பார்வை பார்த்ததும் எல்லோரும் திரும்ப யாசீனுக்குப் போனார்கள். முனவ்வறா மட்டும் அறைக்குள் வந்து திரையின் இடைவெளியைப் பார்த்தாள். காக்கித் தோள் அதே இடத்தில் இருந்தது. எழும்பவில்லை. போன் எடுக்கவில்லை. அதற்காகப் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த பயம், ஒரு நாளில் வாசலைத் தாண்டிப் போய்விடுமா?

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் உள்ளே வந்தார்கள். துணியோடு மையத்தைத் தூக்கியபோது வயிற்றின் மேலிருந்த கத்தியும் அதோடேயே பின்வளவுக்குப் போய்விட்டது. நாலு பக்கமும் சேலை பிடித்து மறைத்து, இலந்தை இலை போட்ட தண்ணீரால் குளிப்பாட்டினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் அறைவரை கேட்டது. அது புதுக் குழிக்குள் ஓடுகிற சத்தமும் கேட்டது. முனவ்வறா அப்போதுதான் அழுதாள். யாரும் சபூர் சொல்லவில்லை.

வெள்ளைத் துணியால் கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து கடைசியாகக் காட்டினார்கள். கற்பூரம் மணத்தது. மையத்தைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டும்போது ஸஹீத் ஒருமுறை அறைப் பக்கம் திரும்பி வந்தான்.

"மாமி, அந்த வாளி..."

"நீங்க போய் முன் கால்ல புடிங்க மகன். அவருக்கு நீங்கதான் மகன்."

 அவன் போனான். கலிமாச் சத்தம் தெருவில் இறங்கி, கடற்கரைப் பக்கம் திரும்பி, மெல்ல மெல்லத் தேய்ந்தது. வீட்டில் ஆண் குரலே இல்லாமல் போனது.

பள்ளிவாசலுக்குப் போகுமுன் மிஹ்லார் குசினி வாசலில் நின்று றிபாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனதாக, அவள் ஒரு கைக்குட்டைச் சுருளைக் கொண்டுவந்து தந்தாள். குளிப்பாட்டின இடத்தில், பெஞ்சடியில் கிடந்ததாம். மக்கீன் காக்காட கத்தி, பத்திரம் என்று சொன்னாராம். முனவ்வறா பிரித்தாள். மடித்திருந்தது. பிடியின் நெடுகிலும் தண்ணீர். மடிப்பின் இடுக்கிலிருந்து ஒரு துளி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் தன் கையால் ஒருநாளும் அதை விரித்ததில்லை. நகத்தை அலகில் இருந்த வெட்டுக்குள் கொடுத்து இழுத்தாள். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. 'டக்' என்று வில்லு விழுந்தது, அறை முழுக்கக் கேட்டது. வெள்ளைச் சேலையின் தலைப்பால் அலகைத் துடைத்தாள், பிடியைத் துடைத்தாள், வில்லடியில் துணியின் முனையைத் திரித்து விட்டுத் துடைத்தாள். அப்படியும் உள்ளே ஈரம் இருந்தது.

ஜன்னலடிக்குப் போனாள். வெளியே கதிரைகள் எல்லாம் காலியாகிக் கிடந்தன. அந்த ஒரு கதிரையில் மட்டும், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சார்ஜன் உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பும்வரை இருக்கிறார்.

திரையை விலக்கவில்லை. அதற்கடியால் கையை மட்டும் நீட்டி, கத்தியை விரித்தபடியே ஜன்னல் கட்டின் மேல் வைத்தாள். கையை உடனே இழுத்துக்கொள்ள முடியவில்லை. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு இழுத்துக்கொண்டாள்.

கதிரை முனகியது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் திரைக்குப் பின்னால் நின்றாள். அவர் கத்தியைப் பார்த்தார், அதன் மேல் விழுந்திருந்த தன் தோள் நிழலைப் பார்த்தார். எழும்பி, கதிரையைத் தூக்கி, இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பவும் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஜன்னல் கட்டின் மேல் அஸர் வெயில் விழுந்தது.